படைவீரர் கல்லறைகளில் ஒரு பயிற்சிப் பணி: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு மதிப்புரை

வரலாறும் தொல்லியலும் படித்து முடிக்கும் குமரி மாவட்ட மாணவர்களுக்கு, படித்ததைக் களத்தில் நின்று செய்து பார்க்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. ஆகவே, படைவீரர்களின் கல்லறைகளை ஆவணப்படுத்தவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் இன்டர்ன்ஷிப் ஒன்றை மரபுப் பாதுகாப்பில் ஈடுபட்டுள்ள ஒரு தனியார் குழு இங்கேயே நடத்துகிறது என்று தெரிந்தபோது, எம்.ஏ. வரலாறு முடித்திருந்த நான் தயங்காமல் விண்ணப்பித்தேன். குழுவின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். களத்தில் கிடைத்த கல்வி மிக உயர்ந்தது என்பதும், சேகரித்த பதிவுகளைக் குழு பேணும் முறை கவலை தருகிறது என்பதும் என் முடிவு. இத்தகைய பயிற்சியின் தரத்தை அது விட்டுச்செல்லும் பதிவுகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்று நான் கருதுவதால், பதிவுகள் பற்றிய அந்தக் குறையை இலேசாகக் கடந்துபோக என்னால் இயலவில்லை.

பயிற்சியின் மையக் களம் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை. நாகர்கோவிலிலிருந்து தக்கலை செல்லும் பேருந்தில் ஏறினால் கோட்டையருகிலேயே இறங்கிக்கொள்ளலாம். வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா இப்போது கோட்டைக்குள் அமைந்திருப்பதால், மானையும் பறவைகளையும் பார்க்க வரும் குடும்பங்களே அங்கு மிகுதி. அவர்களைக் கடந்து உள்ளே சென்றால், கூரையிழந்து சுவர்கள் மட்டும் நிற்கும் ஒரு சிற்றாலயத்தில் யூஸ்டாக்கியஸ் டி லனாயின் கல்லறை இருக்கிறது. 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை தோற்றபோது, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டவர்களில் ஒருவர் அவர். பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து, இக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தும் பணியையும் மேற்பார்த்து, திருவிதாங்கூரின் தலைமைத் தளபதியாக உயர்ந்து, 1777 ஜூன் 1 அன்று இங்கேயே இறந்தார். அவருடைய மனைவியும், களக்காட்டுப் போரில் உயிரிழந்த மகனும் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவர் டி லனாய் என்பதால், 2022 மே 15 அன்று தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்ட பிறகு, படை வரலாற்றில் ஆர்வமில்லாத இறைமக்களும் இக்கல்லறையைத் தேடி வருகிறார்கள். ஒரே கல் ஒருவருக்குப் போர்ச் சின்னமாகவும் மற்றொருவருக்கு வழிபாட்டுத் தலத்தின் ஒரு பகுதியாகவும் இருப்பதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே நேரில் காண முடிந்தது நல்லதாயிற்று.

எங்களுக்குக் கற்பித்தவர் ஓய்வுபெற்ற கல்வெட்டாய்வாளர். கல்லறையைச் சுற்றி நாங்கள் நெருங்கி நின்றவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தொடாதீங்க மக்களே, முதல்ல கண்ணால வாசிங்க" என்பதுதான். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அனுமதியின்றி எதையும் துடைக்கவோ சுரண்டவோ கூடாது என்பது சட்டம். 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இதைத் தெளிவாக வகுத்துள்ளன. ஆனால் அவர் அதைச் சட்டமாகச் சொல்லவில்லை. தேய்ந்த எழுத்துகளின்மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து நிழற்படம் எடுப்பவர்கள், தாங்கள் வாசித்த எழுத்தையே கல்லின்மீது வரைந்துவிடுகிறார்கள் என்றும், தவறாக வாசித்திருந்தால் அந்தத் தவறுதான் அடுத்து வருபவரின் கண்ணுக்குத் தெரியும் என்றும் விளக்கினார். அதற்கு மாற்றாக அவர் கற்றுத்தந்த வழி மிக எளியது. சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைத் திருப்பி, கல்லின் பரப்பில் பக்கவாட்டாகப் படியச் செய்தால், நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த வெட்டுகள் நிழலோடு எழுந்து நிற்கின்றன. கண்ணாடியின் கோணத்தைச் சற்றுச் சற்றாக மாற்றி, ஒவ்வொரு கோணத்திலும் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, அதன்பின் வரிவரியாகப் படியெழுத வேண்டும். உறுதியாகத் தெரியாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். ஊகித்து நிரப்பிய எழுத்தைத் தெரிந்த எழுத்துபோலக் காட்டவே கூடாது.

டி லனாயின் கல்லறையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. இலத்தீன் பகுதி, முப்பத்தேழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக அவர் மன்னருக்கு ஆற்றிய பணியையும், காயங்குளம் முதல் கொச்சி வரையிலான அரசுகளைத் தம் படைவலிமையாலும் பெயரின் அச்சத்தாலும் அடக்கியதையும் பெருமிதத்தோடு கூறுகிறது. தமிழ்ப் பகுதியை வாசிக்கும்போதுதான் எங்கள் பட்டப்படிப்பு எவ்வளவு குறைவாகக் கற்றுத்தந்திருக்கிறது என்று புரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துமுறையில் புள்ளி இடாமல் எழுதுவது வழக்கம். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். பொருளை அறிந்தே எழுத்தை முடிவுசெய்ய வேண்டிய இடங்களும், எழுத்தைக் கொண்டே பொருளை அடைய வேண்டிய இடங்களும் அடுத்தடுத்து வருகின்றன. இந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஐரோப்பியர் கல்லறை என்றவுடன் இலத்தீனுக்கு ஒரு தனி வகுப்பு வைத்தவர்கள், அதே கல்லில் உள்ள தமிழுக்கும் அதே அளவு நேரம் தந்திருக்க வேண்டும்.

பயிற்சியின் இரண்டாம் பகுதி தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் நடந்தது. குமரியில் ராணுவத்தில் பணியாற்றியவர் இல்லாத ஊரைக் காண்பது அரிது. ஆகவே ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ரெஜிமெண்டின் பெயரும் பதவியும் பொறித்த பளிங்குப் பலகைகளைக் காணலாம். பங்குப் பேரவையிடமும் குடும்பத்தாரிடமும் எழுத்துவழி அனுமதி பெற்ற கல்லறைகளில் மட்டும் தூய்மைப் பணி செய்து பழகினோம். என்னைப் பொறுத்தவரை, பயிற்சிக்காகச் செலவிட்ட காலம் முழுவதற்கும் ஈடு செய்தது இந்தப் பகுதிதான்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. கல்லின் ஈரம் முழுதாக உலர்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுவதால் பாசியும் கற்பாசியும் தழைக்கின்றன. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன்னால், இறந்தவர்மீதுள்ள அன்பினால், குடும்பத்தினர் அந்தக் கறுப்பைப் போக்க முனைகிறார்கள். ஆனால் கையில் எடுப்பது பெரும்பாலும் பிளீச்சிங் பவுடரும், கழிவறைக்கு வாங்கிய ஆசிட்டும், இரும்புக் கம்பி பிரஷ்ஷும்தான். பளிங்கு என்பது கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டவுடன் அதன் மேற்பரப்பு நுரைத்துக் கரைகிறது. கறையோடு சேர்ந்து எழுத்தின் விளிம்பும் போய்விடுகிறது. பிளீச்சிங் பவுடர் அப்போதைக்கு வெண்மை தந்தாலும், அதிலிருந்து மிஞ்சும் உப்பு கல்லின் நுண்துளைகளுக்குள் தங்கி, உலரும்போது படிகமாகி, உள்ளிருந்து பரப்பை உடைக்கிறது. கரடாகிப்போன கல்லில் அடுத்த மழைக்குப் பாசி முன்னிலும் விரைவாகப் பிடிக்கும். அமெரிக்காவில் படைவீரர் கல்லறைகளைப் பராமரிக்கும் தேசியக் கல்லறை நிர்வாகத்துக்காக, லூசியானா மாநிலத்தில் உள்ள தேசியப் பாதுகாப்புத் தொழில்நுட்பப் பயிற்சி மையம் துப்புரவுக் கரைசல்களை ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறது. பிளீச் தவிர்க்கப்பட வேண்டியது என்பதே அவர்களின் பரிந்துரையும்.

நாங்கள் கற்ற முறைக்குப் பொறுமையைத் தவிர வேறு விலையில்லை. முதலில் கல் தாங்குமா என்று பார்க்க வேண்டும். விரலால் மெல்லத் தட்டும்போது உள்ளே வெற்றிடமாக ஒலித்தாலோ, பரப்பு மாவாக உதிர்ந்தாலோ, அதைத் தொடாமல் பதிவு மட்டும் செய்துவிட்டு விலக வேண்டும். தாங்கும் என்றால் நல்ல தண்ணீரால் முழுதும் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்து, பிறகு மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்க்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் அழுக்குநீர் உலர்ந்த கல்லில் கோடாகப் படிந்துவிடும். பாசி ஒரே முறையில் முழுதும் போக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். பழைய சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய கல்லறைப் பீடத்தின் விரிசலில் சிமெண்ட் பூசக்கூடாது என்பதையும், சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து மென்மையான பழைய கட்டுமானத்தை அரித்துவிடும் என்பதையும், ஒன்றில் சுண்ணாம்பும் மற்றொன்றில் சிமெண்ட்டும் பூசப்பட்டு அருகருகே இருந்த இரு பீடங்களைக் காட்டியே ஆசிரியர் விளக்கினார்.

ஒரு நாள், தம் கணவரின் கல்லறைக்கு எனாமல் பெயிண்ட்டும் தூரிகையும் கொண்டுவந்திருந்த ஒரு பாட்டியம்மா, எழுத்துகளுக்குக் கறுப்புப் பூச வேண்டாமா என்று எங்களிடம் கேட்டார். பெயிண்ட் உரியும்போது கல்லின் பரப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும் என்று நாங்கள் சொல்லத் தொடங்கியபோது ஆசிரியர் எங்களை நிறுத்தி, "அம்மா, உங்க விருப்பம், பூசுறதுக்கு முன்னாடி நாங்க ஒரு படம் எடுத்துக்கிடலாமா?" என்று மட்டும் கேட்டார். உறவினர் உயிரோடு இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் பாதுகாப்பாளரின் உரிமைக்கு எல்லை உண்டு. அந்த எல்லையை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டுக் கணக்கைப் பற்றிய பயிற்சியையும் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். 1949 வரை திருவிதாங்கூரோடும் பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி இது என்பதால், பழைய கல்லறைகளில் மலையாள ஆண்டு, அதாவது கொல்லம் ஆண்டு, காணப்படுகிறது. 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் ஆவணி மாதத்தில் பிறப்பதால், அப்போதிருந்து டிசம்பர் முடிய உள்ள நாள்களுக்கு 824-ஐத்தான் கூட்ட வேண்டும். டி லனாய் இறந்த 1777 ஜூன், கொல்லம் 952. அதே ஆண்டு செப்டம்பரில் இறந்த ஒருவரின் கல்லில் 953 என்றிருக்கும். ஒரு படைவீரர் போருக்கு முன் இறந்தாரா, போரில் இறந்தாரா என்பதையே மாற்றிவிடக்கூடிய பிழை இது.

வகுப்பறைப் பாடங்கள் களப்பணியின் தரத்துக்கு எட்டவில்லை. 1917-இல் தொடங்கப்பட்டு இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் எனப்படும் அமைப்பின் வரலாறு, பதவி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவிலான கல் என்ற அதன் கொள்கை, சென்னை நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 855 பேரின் கல்லறைகள் கொண்ட மயானம் ஆகியவை விரைவாகச் சொல்லி முடிக்கப்பட்டன. அதே ஆணையத்துக்காக 2021-இல் வெளியான அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்க வீரர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லி நினைவுகூரப்படவே இல்லை அல்லது அறவே விடுபட்டுப்போனார்கள் என்றும் ஒப்புக்கொண்டது. பெயர் பதியப்படாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடக் கனமான பாடம் வேண்டுமா? அதற்கு ஒரு முழுநாள் விவாதம் தேவை. எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஸ்லைடு. வெளிநாட்டு வெள்ளைச் சுண்ணாம்புக் கற்களின் சிதைவைப் பற்றிப் பேசிய நேரத்தில், நம்மூர்க் கருங்கல்லைப் பற்றியும், கடலோரப் பங்குகளில் உப்புக்காற்று செய்யும் சேதத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

இனி, பதிவுகளின் கதை. நாங்கள் நிரப்பிய படிவங்களும் படங்களும் படியெடுப்புகளும் குழுவின் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. பங்கு அலுவலகத்துக்கோ, எந்தக் கல்லூரி நூலகத்துக்கோ படி தரப்படவில்லை. படம் எடுக்க அனுமதித்த குடும்பங்களுக்குக்கூட அவர்களுடைய கல்லறையின் பதிவு சென்று சேரவில்லை. நாங்கள் கேட்டபோது, அனைத்தையும் தொகுத்து நூலாக வெளியிடும் எண்ணம் இருப்பதாகச் சொன்னார்கள். நூல் வரட்டும், ஆனால் அதற்குள் அடுத்த கல்லறைத் திருநாள் வந்து, இன்னும் சில கற்களில் எழுத்து மறைந்துவிடும், அப்போது ஒரே சான்று அந்த டிஸ்க்கில் மட்டுமே இருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. வாக்களித்த பயணப்படி தாமதமாகவே வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அஞ்சுகிராமம், கொல்லங்கோடு போன்ற எல்லைப்புற ஊர்களிலிருந்து பேருந்தில் வந்துபோன மாணவர்களுக்கு அது சிறிய தொகையன்று. புதர் மண்டிய இடங்களில் பணி செய்தும் முதலுதவிப் பெட்டி இல்லாதிருந்ததும், பெண்களுக்குக் கழிவறை வசதி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்படாததும் எளிதில் திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள்.

இவ்வளவுக்குப் பிறகும், கல்வெட்டியலிலோ அருங்காட்சியகப் பணியிலோ செல்ல விரும்புவோர் இதில் சேர வேண்டும் என்றே பரிந்துரைக்கிறேன்; கண்ணாடியையும் வெயிலையும் கொண்டு வாசிக்கும் அந்தப் பயிற்சியை நம் பகுதியில் வேறெங்கும் நான் கண்டதில்லை. சான்றிதழுக்காக மட்டும் வருபவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்து வெயில் கடினமாகவே இருக்கும். சனவரி முதல் மார்ச் வரை நடக்கும் பிரிவைத் தேர்ந்தெடுப்பது நல்லது; வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கல் உலர்ந்திருக்கும், பக்கவாட்டு ஒளிக்கு வானமும் தெளிவாக இருக்கும். சேர்வதற்கு முன், தாங்கள் தயாரிக்கும் பதிவுகளின் படி எந்தெந்த இடங்களில், எந்த நாளுக்குள் ஒப்படைக்கப்படும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளைத் தர மறுத்தால், அடுத்த பிரிவு வரை காத்திருக்கலாம்.