பழைய திஸ்கி கோப்புகளை மாற்ற ஐகான்வ் எப்படி?

லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமான ஜிலிப்சியோடு வரும் குறியாக்க மாற்றி ஐகான்வ், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான திஸ்கியைத் தெரிந்து வைத்திருக்கிறது. கட்டளை சுருக்கம்: ஐகான்வ், -எஃப் என்றபின் மூலக் குறியாக்கம், -டி என்றபின் யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் வடிவம்), கோப்பின் பெயர். வெளியீட்டை வேறு பெயருக்குத் திருப்புங்கள். அதே பெயருக்குத் திருப்பினால், படிக்கும் முன்பே ஷெல் (கட்டளைகளை இயக்கும் நிரல்) கோப்பைக் காலி செய்துவிடும், போனது போனதுதான்.

இதன் உண்மையான திறமை கொம்பில் தெரிகிறது. 'கெ' என்பதைத் திஸ்கி கண்ணால் பார்க்கும் வரிசையில், கொம்பை முன்னால் வைத்துச் சேமிக்கும்; யூனிகோடு மெய்க்குப் பின்னால் வைக்கும். பைட்டுக்குப் பைட்டு மாற்றும் அவசர ஸ்கிரிப்டுகள் இங்கேதான் சொதப்பும். ஐகான்வ் வரிசையையும் திருத்தித் தருகிறது.

குறை: குறியாக்கத்தை அதுவாகக் கண்டுபிடிக்காது. மூலத்தை ஐஎஸ்ஓ-8859-1 (மேற்கு ஐரோப்பிய மொழிகளின் குறியாக்கம்) என்று தவறாகச் சொன்னால் பிழையே வராது, ஏனெனில் அதில் எல்லா பைட்டும் செல்லும். குப்பைதான் யூடிஎஃப்-8 ஆகக் கிடைக்கும். முதல் பத்து வரியைக் கண்ணால் பாருங்கள்.

மாற்ற முடியாத இடத்தில் பைட் எண்ணைச் சொல்லி நின்றுவிடும். அங்கே -சி போட்டுத் தப்பிக்க ஆசை வரும். வேண்டாம், அது எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கும். டாப், டாம் என்ற பழைய தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களில் உள்ள கோப்புகளுக்கு ஐகான்வ் உதவாது. அவற்றுக்குத் தனி மாற்றிதான்.