ஆறு ஆண்டுகள், ஒரு மலிவுக் கூடாரம்: கோலாலம்பூர் செந்தூலிலிருந்து பிள்ளைகளோடு

2019 டிசம்பர் பள்ளி விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்பு, நால்வர் படுக்கலாம் என்று பையின் மீது அச்சிட்டிருந்த ஒரு கூடாரத்தை 179 ரிங்கிட்டுக்கு வாங்கினோம். அப்போது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. விடுதி அறையில் ஓர் இரவு தங்கும் காசுக்குக் கூடாரமே கிடைக்கிறதே என்பதுதான் அன்று எங்கள் கணக்கு. இதுவரை இருபத்து மூன்று முறை அதை விரித்திருக்கிறோம் என்பதால், அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று நிதானமாகச் சொல்ல முடியும்.

நால்வர் என்ற கணக்கை முதலில் மறந்துவிட வேண்டும். பெரியவர் இருவரும் சிறு பிள்ளைகள் இருவரும் ஒருக்களித்துப் படுத்தாலே கால் துணிச்சுவரில் முட்டும். விடிகாலையில் அந்தச் சுவரில் பூத்திருக்கும் ஈரம் போர்வையை நனைத்துவிடும். மகனுக்கு இப்போது பதின்மூன்று வயதாகிவிட்டதால், வெளியே தார்ப்பாயின் கீழ் அவனுக்கு ஒரு தூளி கட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

கூடாரத்தைக் கெடுத்தது எங்கள் வீட்டு அலமாரிதான். கோவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வருவதற்கு முந்திய வாரம், உலு லங்காட் முகாமிலிருந்து திரும்பி, ஈரம் முழுதும் காயாமல் சுருட்டி வைத்த கூடாரம் அப்படியே கிடந்தது. மாநிலம் கடக்கும் தடை 2021 அக்டோபர் 11இல் நீங்கிய பிறகு எடுத்து விரித்தால், மேல்துணியின் உட்புறம் பசைபோல் கையில் ஒட்டியது, புளித்த வாடை அடித்தது, தையல்களை மூடியிருந்த நாடா பாம்புச் சட்டையைப் போல உரிந்து வந்தது. மழைநீர் புகாதிருக்கத் துணியில் பூசப்படும் பாலியூரித்தேன், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு அடைபட்டுக் கிடந்தால் சிதைந்துவிடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். சிதைந்த பூச்சை மீட்க வழியில்லை. 25 ரிங்கிட் கொடுத்து வாங்கிய தார்ப்பாய் ஒன்றைக் கூடாரத்துக்கு மேலே சாய்வாகக் கட்டி இன்றுவரை ஓட்டுகிறோம். கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது அதுதான்.

கண்ணாடியிழைக் கம்பிகளில் இரண்டு நீளவாக்கில் பிளந்தன, கவனியாமல் பிடித்தால் கையில் சிலாம்பு ஏறும். கூடாரத்தோடு வந்த மெல்லிய முளைகள் முதல் பயணத்திலேயே வளைந்துவிட, ஹார்ட்வேர் கடையில் ஆறு அங்குல ஆணிகள் வாங்கினோம். புறப்படும்போது அவற்றை எண்ணித்தான் எடுக்க வேண்டும். புல்லில் ஒன்று தங்கினாலும் அடுத்து வரும் பிள்ளையின் பாதத்தில் ஏறும். பெட்டி வடிவிலான பியூட்டேன் அடுப்பு மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. எரிவாயுக் குப்பியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாமலும், குப்பி இருக்கும் பக்கத்தையும் மறைக்கும் அளவுக்கு அகன்ற சட்டியை ஏற்றாமலும் இருந்தால் போதும்.

பயணச் செலவைச் சாலைதான் தீர்மானிக்கிறது. பேராக் மாநிலத்தின் தாப்பாப் பக்கம் போவதென்றால், ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர் வழியாகச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் டோல் கிடையாது; லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தாலும், தஞ்சோங் மாலிமில் பாவ் என்னும் ஆவியில் வெந்த ரொட்டி வாங்கித் தின்னவும் பீடோரில் கொய்யாவுக்கு நிறுத்தவும் முடிவதால் பிள்ளைகள் சலித்துக்கொள்வதில்லை. திரும்பும்போது எல்லோரும் களைத்திருப்போம் என்பதால் நெடுஞ்சாலைதான். சென்று திரும்ப ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்கு எங்கள் பழைய சாகா கார் 20 லிட்டர் குடிக்கும். குடிமக்களுக்கு ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்று 2025 செப்டம்பர் 30 முதல் ஆன பிறகு, அது 40 ரிங்கிட்டுக்குள் முடிகிறது. முகாம் கட்டணத்தில்தான் ஏமாறுகிறோம். கூடாரத்துக்கு இவ்வளவு என்று சொன்ன ஓரிடத்தில், போய் இறங்கியதும் தலைக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு, கைப்பேசிக்கு மின்னேற்ற இவ்வளவு என்று கூட்டிக்கொண்டே போனார்கள். அன்றிலிருந்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்புகிறோம்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் சிக்கனம் பார்ப்பதில்லை. 2022 டிசம்பர் 16 அதிகாலை, பத்தாங் காலியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது மலைச்சரிவு இறங்கியதில் பிள்ளைகள் உட்பட 31 பேர் மாண்டனர். அதன் பிறகு, வெட்டிய மலைச்சாய்வின் கீழுள்ள முகாம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நாங்கள் போவதில்லை. ஆற்றோரத்தில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். நாம் நிற்கும் இடத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மேலே மலையில் பெய்த மழை திடீரென்று திரண்டு இறங்கிவிடும். ஒருநாள் பிற்பகல், பாறையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்த மகள், “அம்மா, தண்ணி தே தாரேக் மாதிரி ஆயிடுச்சு” என்றாள். திரும்பிப் பார்த்தால், தெளிந்த நீர் அந்தப் பால் தேநீரின் நிறத்தில் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரத் தொடங்கியிருந்தன. என் கணவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு மேடேறினார். அடுப்பையும் சோற்றுப் பானையையும் விட்டுவிட்டு நாங்களும் ஏறினோம். பத்து நிமிடத்தில் அந்தப் பாறை நீருக்குள் போனது. சோறு போனதற்காக மகன் மட்டும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான்.

இதே விலைக்கு மீண்டும் வாங்குவேனா என்று கேட்டால் வாங்குவேன். ஆனால் அறுவர் படுக்கலாம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, அன்றைக்கே தார்ப்பாயையும் சேர்த்து வாங்குவேன். வீடு திரும்பியதும் எங்கள் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடி நடைபாதையில் அதை இரண்டு நாள் தொங்கவிடுவதும், எதிர் வீட்டு ஆண்ட்டி துணியை விலக்கிக்கொண்டு, “இன்னும் காயலையா, பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே லிஃப்டுக்குப் போவதும் இப்போது வழக்கமாகிவிட்டது.