ஃபிளமெங்கோ கிட்டார் கற்க எந்தப் புத்தகம்?

புத்தகம் வைத்து ஃபிளமெங்கோ கிட்டார் கற்க நினைப்பவர்களுக்கு, ஃபிளமெங்கோ கிட்டார் கலைஞர் ஹுவான் மார்ட்டின் 1978இல் வெளியிட்ட 'எல் ஆர்த்தே ஃபிளமெங்கோ தே லா கித்தாரா'வைத்தான் முதலில் சொல்வேன். நொட்டேஷனோடு, எந்தக் கம்பியில் எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று எண்களால் காட்டும் டேப்லச்சரும் சேர்ந்தே வருகிறது, அதனால் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களும் தயங்க வேண்டாம். ஃபிளமெங்கோவின் அடிப்படை வடிவங்களில் ஒன்றான சோலேயாவில் 12 எண்ணிக்கைக்கு ஒரு சுற்று, அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். இதைக் கைதட்டி வாய்விட்டு எண்ணிப் பழகாமல் கிட்டாரைத் தொட்டால் விரல் ஓடும், தாளத்தில் நிற்காது. ஆனால் ரஸ்கெயாதோ, அதாவது விரல்களை வரிசையாக விரித்துக் கம்பிகளைத் தட்டும் முறை, தாளைப் பார்த்து வரவே வராது. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெறிக்க வேண்டும், அதற்கு வலது கையை நெருக்கமாகக் காட்டும் வீடியோ கட்டாயம் வேண்டும். வேகத்தை மட்டும் காட்டும் யூடியூப் பாடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.