கார் ஏசி கேஜ் செட்: மேட்டுப்பாளையத்துக் கணக்கு ஊட்டிக்கு ஒத்துவராது

கோவை உதிரிபாகக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் இரட்டை கேஜ் செட், அதாவது கார் ஏசியில் ஓடும் ஆர்134ஏ கேஸின் அழுத்தத்தை அளக்கும் கருவி, நல்ல பொருள்தான். நீல கேஜ் லோ சைடுக்கு (அழுத்தம் குறைந்த பக்கம்), சிவப்பு ஹை சைடுக்கு (அழுத்தம் கூடிய பக்கம்), நடுவில் கேஸ் கேனுக்கோ வேக்குவம் பம்ப்புக்கோ போகும் மஞ்சள் ஹோஸ். லோ சைடு கப்ளர் (ஏசி பைப்பில் மாட்டும் முனை) 13 மி.மீ., ஹை சைடு 16 மி.மீ. என்பதால் மாற்றி மாட்ட வழியே இல்லை. சிக்கல் டயலிலும் கூடவே வரும் அட்டையிலும்தான். அங்கே அச்சிட்டிருப்பது கடல்மட்டத்துக்கும் வெயில் ஊருக்குமான எண்கள். 2,240 மீட்டர் உயரத்தில் குளிர்ந்திருக்கும் ஊட்டியில் அதை அப்படியே படித்தால், சரியாக இருக்கும் வண்டிக்கும் கேஸ் கம்மி என்று முடிவாகிவிடும்.

கேஜை மாட்டும் முன் கையால் ஒன்று பாருங்கள். என்ஜின் ஓடட்டும், ஏசி ஆன், ப்ளோவர் முழு வேகம், ஐந்து நிமிடம். கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த பைப் சில்லிட்டு வியர்த்திருக்கிறது, வென்டில் மட்டும் வெதுவெதுப்பான காற்று என்றால் கேஸில் குறையில்லை. காற்றைச் சூட்டுக்கோ குளிருக்கோ திருப்பிவிடும் ஹீட்டர் ஃப்ளாப் சூட்டுப் பக்கமே நின்றுவிட்டது. ஹீட்டர் அதிகம் ஓடும் மலை வண்டிகளில் இதை முதலில் சந்தேகிக்க வேண்டும். பைப்பும் சில்லிடவில்லை, கம்ப்ரஸர் கிளட்ச்சும் 'டக்' என்று ஒட்டவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். கேஸ் இறங்கிய வண்டியில் பிரஷர் சுவிட்சை நேராக இணைத்து கம்ப்ரஸரை ஓட்டவே கூடாது. ஆயிலைச் சுற்றி எடுத்துப்போவதே கேஸ்தான். அது இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிடும். உறைபனி விழும் ஜனவரி அதிகாலையில் இந்தச் சோதனையே வேண்டாம். அந்தக் குளிரில் பல கார்கள் தாமாகவே கம்ப்ரஸரை நிறுத்திவைக்கும்.

இரவெல்லாம் நின்ற வண்டியில், என்ஜினைத் தொடாமல் எடுக்கும் அளவில்தான் இந்த செட் காசுக்கு மதிப்பைக் காட்டுகிறது. 15 டிகிரியில் ஆர்134ஏ கடல்மட்டத்தில் 56 பிஎஸ்ஐ காட்டும். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 3.5 பிஎஸ்ஐ குறைவு, அதனால் அதே கேஸ் இங்கே கிட்டத்தட்ட 60 காட்டும். இரண்டு கேஜும் 60 அருகே நின்றால் சிஸ்டத்தில் கொஞ்சமாவது திரவம் இருக்கிறது. நன்றாகக் கீழே என்றால் கேஸ் பெரும்பாலும் போய்விட்டது. நன்றாக மேலே என்றால் காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. ஆனால் எத்தனை கிராம் இருக்கிறது என்பதை இந்த எண் சொல்லாது. பாதி கேஸுக்கும் முழு கேஸுக்கும் ஒரே 60தான். பானெட் ஸ்டிக்கரில் உள்ள கிராமைப் பார்த்து, தராசில் சிலிண்டரை வைத்து நிரப்புவதே சரி.

ஓடும்போது எடுக்கும் அளவிலும் இதே கவனம் வேண்டும். 18 டிகிரி பகலில் லோ சைடு சுமார் 25–35, ஹை சைடு 130–155 பிஎஸ்ஐ வந்தால் அது ஆரோக்கியமான சிஸ்டம். அட்டையில் 200க்கு மேல் போட்டிருக்கிறதே என்று டாப்-அப் செய்தால், அந்த வண்டி மேட்டுப்பாளையம் வெயிலில் இறங்கியதும் ஹை சைடு எகிறி ஏசி கட் ஆகும். லோ ஏறி, ஹை இறங்கி, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் கம்ப்ரஸர் தேய்மானம். லோ பூஜ்யத்துக்குக் கீழே, வேக்குவத்துக்கே போனால், கூலிங் காயிலுக்குள் கேஸை விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு. இரண்டுமே அதிகம் என்றால் கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சரின் ஃபேனைப் பாருங்கள். குன்னூர் போகும் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மெதுவாக ஏறும்போது மட்டும் கூலிங் போவதற்கு அதுதான் முதல் காரணம்.

கேஸ் நிரப்பும் முன் உள்காற்றைப் பம்ப்பால் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் விஷயத்தில்தான் மெக்கானிக்குகள் வீணாக அலைகிறார்கள். சமவெளியில் முள் 29 இன்ச் (பாதரச அளவு) வரை இறங்கும். ஊட்டியில் பம்ப் எவ்வளவு நல்லதானாலும் 23 அருகே நின்றுவிடும், குன்னூரில் 24. இங்கே இருக்கும் காற்றழுத்தமே அவ்வளவுதான். 29 வரவில்லை என்று லீக் தேடுவதும் பம்ப்பைக் குறை சொல்வதும் தேவையில்லாத வேலை. வால்வுகளை மூடிவிட்டு அரை மணி நேரம் விடுங்கள். முள் நகரவில்லை என்றால் சிஸ்டம் இறுக்கமாக இருக்கிறது. குளிரில் உள்ளே இருக்கும் ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால் வேக்குவத்தை நண்பகலில், என்ஜினைச் சூடாக்கி நிறுத்திய பிறகு, குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள்.

செட்டின் குறைகளும் உண்டு. விலை குறைந்தவற்றில் கப்ளர் ஓ-ரிங் சீக்கிரம் கிழிகிறது, கழற்றும்போது கேஸ் சீறும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்கினால், மேலே கொண்டுவந்ததும் ரப்பர் மூடியைச் சற்றே நெம்பி உள்காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் முள் பூஜ்யத்துக்குக் கீழேயே நிற்கும். என்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. ஹை சைடு அழுத்தம் மஞ்சள் ஹோஸில் மாட்டிய கேஸ் கேனுக்குள் பாய்ந்தால் கேன் வெடிக்கும்.

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம், தராசையும் சேர்த்து. ஒரே ஒரு கார் வைத்திருப்பவருக்கு இது தேவையில்லை. குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட விட்டால் போதும், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல் காய்ந்து கேஸ் கசிவது பெருமளவு குறையும்.