கொண்டை ஊசி வளைவில் ஒரு பைக்: எக்ஸாஸ்டிரா, யாக்கா?

ஏற்காட்டில் மலை விளிம்பை ஒட்டிய ஒரு காப்பித் தோட்டத்து வீடு. திண்ணையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். நண்பர் ஒருவர் இருப்பிடத்தை வானொலியில் அனுப்பும் டிராக்கரைப் பைக்கில் கட்டிக்கொண்டு அடிவாரத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார். பாக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் சரி. ஆனால் திரையில் பைக் சின்னம் வெறும் சாம்பல் பரப்பில் மிதந்தது. சாலை இல்லை, வளைவு இல்லை. முதல் நாள் ராத்திரி பெய்த மழையில் டவர் போயிருந்தது. நெட் இல்லாததால் வரைபடமும் இல்லை. தோட்டத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "டவர் வேணும்னா அந்த சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய் நில்லுங்க தம்பி, சில நேரம் ஒரு கோடு வரும்" என்றார். போய் நின்றேன், வரவில்லை.

அன்று ஓடிய வரைபட மென்பொருள் எக்ஸாஸ்டிர். இன்று என் லேப்டாப்பில் முதலில் திறப்பது யாக். ஏன் மாறினேன் என்பதைத்தான் எழுதுகிறேன், அதனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

இரண்டும் ஏபிஆர்எஸ் வரைபட மென்பொருள்கள், இரண்டும் இலவசம். பாப் புரூனிங்கா வடிவமைத்த அந்த முறையில் ஒவ்வொரு நிலையமும் தன் இருப்பிடத்தைச் சின்னச் சின்ன பாக்கெட்டாக வானொலியில் அனுப்பும். பெறுபவர் அதை வரைபடத்தில் பார்க்கலாம். ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமமும் கால்சைன் என்ற நிலைய அடையாளப் பெயரும் இல்லாமல் இந்த இருப்பிடப் பாக்கெட்டுகளை அனுப்பக் கூடாது என்பது தெரிந்ததுதான். கேட்டுப் பழகுவதற்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டும் ஒரு கையடக்க ரேடியோவும் போதும்.

ரேடியோ ஒலியைப் பாக்கெட்டாக மாற்றும் வேலையை இரண்டுக்குமே டயர்வுல்ஃப் என்ற தனி மென்பொருள் செய்துவிடுகிறது. டெபியன், உபுண்டு, மின்ட் என்ற லினக்ஸ் வகைகள் எதிலும் 'ஆப்ட்' என்ற நிறுவும் கட்டளை மூலமாகவே கிடைக்கும். அமைப்பு ஃபைலில் கால்சைனும் சவுண்ட் கார்டு எண்ணும் எழுதினால் 8000ஆம் போர்ட்டில் ஏஜிடபிள்யூ, 8001இல் கிஸ் என்று இரண்டு இணைப்பு முறைகளில் மற்ற மென்பொருளுக்காகக் காத்திருக்கும். எக்ஸாஸ்டிரை 8000இல் கோத்தேன். யாக் இரண்டில் எதிலும் சேரும். டயர்வுல்ஃப் காட்டும் ஒலி அளவு 50ஐ ஒட்டி இருந்தால் நல்லது. நூறைத் தாண்டினால் பாக்கெட் சிதையும், அதற்கு ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியில் குறைக்க வேண்டும். இன்னொன்று, யூஎஸ்பி சவுண்ட் கார்டின் எண் ரீபூட்டுக்குப் பின் மாறக்கூடும். 'காது கேட்கவில்லை' என்று ஆன்டெனாவைத் திட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள். நான் ஒரு மாலை முழுக்க ஆன்டெனாவைத்தான் திட்டினேன்.

நிறுவுவதில் எக்ஸாஸ்டிருக்கே வெற்றி. ஆப்டில் ஒரே வரி, முடிந்தது. யாக் ஜாவாவில் எழுதியது. ஜிப்பை இறக்கி, தனி ஃபோல்டரில் விரித்து, ஜார் ஃபைலை ஓட்ட வேண்டும். அவசரத்தில் திரை வசதி இல்லாத 'ஹெட்லெஸ்' ஜாவாவைப் போட்டுவிட்டால் ஜன்னலே திறக்காது, பிழைச் செய்தி மட்டும் வரும். ஜாவாவை ஓட்டும் முழு ஜேஆர்இ தொகுப்பு வேண்டும். தோற்றத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: எக்ஸாஸ்டிர் மோட்டிஃப் என்ற பழைய ஜன்னல் பாணிக் காலத்து முகம், பொத்தான்கள் தொண்ணூறுகளிலிருந்து எழுந்து வந்தவை போல இருக்கும். யாக்கும் அழகி இல்லை. ஆனால் முதல் முறை திறக்கும்போது கால்சைன், இருப்பிடம், போர்ட் என்று வரிசையாகக் கேட்டு அமைத்துத் தரும். வேகத்தில் எக்ஸாஸ்டிர் பக்கம் யாக் நிற்க முடியாது. பழைய 2 ஜிபி கணினியிலும் எக்ஸாஸ்டிர் ஓடிவிடும். ஜாவா நினைவகத்தை விழுங்கும்.

இதுவரை படித்தால் எக்ஸாஸ்டிர்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்தத் திண்ணையில் உட்காரும் வரை.

விஷயம் வரைபடம் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. எக்ஸாஸ்டிரைப் புதிதாகத் திறந்தால் உலக நாடுகளின் எல்லைக்கோடுதான் தெரியும். சேலம் அதில் வெறும் வெற்றிடம். மேப் சூஸர் பட்டியலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் ஓடுகளை (சதுரத் துண்டுப் படங்களை) தேர்ந்தெடுத்தால் நெட்டிலிருந்து படங்களை இறக்கிக் காட்டும். இறக்கியது கணினியிலேயே தங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பார்த்த இடம், பார்த்த ஜூம் மட்டுமே தங்கும். ஜூம் ஒரு படி கூடினால் அதே பரப்புக்கு ஓடுகள் நான்கு மடங்காகும். சேலம் அஸ்தம்பட்டி வீட்டில் உட்கார்ந்து கோரிமேடு, அடிவாரம், 20 வளைவுகள், ஏரி என்று ஒவ்வொரு ஜூமிலும் சுட்டியால் இழுத்து இழுத்துச் சேமித்தேன். அப்படியும் மலையில் எனக்கு வேண்டிய ஜூமில் பாதி ஓடு இல்லை. மொத்தமாக இறக்கிவிடலாமே என்றால், அந்தச் சர்வர்கள் நன்கொடையில் நடப்பவை. கூட்டமாக அள்ளுவதற்குத் தடை உண்டு.

எக்ஸாஸ்டிரில் வேறு வழி இல்லாமல் இல்லை. ஒரு வரைபடப் படத்தை எடுத்து, அதற்கு ஒரு 'ஜியோ' ஃபைல் எழுதலாம். படத்தில் இரண்டு புள்ளிகளைக் காட்டி, அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் அது பொருத்திக்கொள்ளும். நானும் எழுதினேன். ஒரு புள்ளியைக் குளறுபடியாகக் குறித்துவிட்டேன் போல, நண்பர் ஊருக்குள் நுழைந்ததும் பைக் ஏற்காட்டு ஏரிக்குள் இறங்கி நடுத்தண்ணீரில் நின்றது. இன்னொரு வழி, சாலைகளைக் கோடுகளாக வைத்திருக்கும் ஷேப்ஃபைல். ஆனால் எந்தக் கோட்டை என்ன நிறத்தில் வரைவது, பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் 'டிபிஎஃப்ஆக்' ஃபைல் ஒன்று ஒவ்வொரு வகைக்கும் பொருந்த வேண்டும். அரைகுறையாகத்தான் முயன்றேன். பொறுமைசாலிகளுக்கு அது நன்றாக அமையலாம்.

யாக் வேறு மாதிரி. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மூலத் தரவையே உள்வாங்கி, தனக்கென ஒரு தரவுக்கிடங்கை வன்தட்டில் கட்டிக்கொள்ளும். பிறகு சாலையைக் கோடு கோடாகத் தானே வரையும். எந்த ஜூமானாலும் வரைபடம் அங்கேயே இருக்கும், நெட்டைத் தேடாது. விலை? தரவை உள்வாங்கும் அந்த ஒருமுறை இம்போர்ட். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்தில் இந்தியாவை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தென்மண்டல ஃபைலை அப்படியே எடுத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஓட்டிவிட்டேன். என் கணினிக்கு 4 ஜிபி ராம், பழைய சுழலும் வன்தட்டு. காலையில் எழுந்தால் மின்விசிறி அலறிக்கொண்டிருக்கிறது, வேலை முடிந்தபாடில்லை. நிறுத்திவிட்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. எனக்கு எதற்குக் கன்னியாகுமரி? 'ஆஸ்மியம்' என்ற சிறு கருவி ஆப்டில் இருக்கிறது. அதில் எக்ஸ்ட்ராக்ட் கட்டளைக்கு நான்கு எண்கள் கொடுத்தால் அந்தப் பெட்டியை மட்டும் வெட்டித் தரும். வரிசை முக்கியம்: மேற்கு 77.6, தெற்கு 11.3, கிழக்கு 78.9, வடக்கு 12.1. இதற்குள் மேட்டூர், சேலம், ஏற்காடு, வாழப்பாடி, ஆத்தூர் எல்லாம் அடங்கிவிடும். வெட்டிய ஃபைலை யாக்கிடம் கொடுத்துவிட்டு அம்மாபேட்டைப் பக்கம் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டுத் திரும்பினேன். முடிந்திருந்தது.

அடுத்த முறை அதே திண்ணை. இந்தத் தடவை டவர் இருந்தாலும் வேண்டுமென்றே நெட்டை அணைத்துவிட்டுத்தான் திறந்தேன். சாலை கொடி போல வளைந்து வளைந்து தெரிந்தது. பைக் அதன்மேல் ஊர்ந்தது. நடுவில் சில வளைவுகளில் பாறை மறைத்துப் பாக்கெட் வராது. ஏபிஆர்எஸ் ஓடும் இரண்டு மீட்டர் அலைவரிசை மலையைச் சுற்றி வளைந்து வராது, அதற்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை. ஆனால் கடைசிப் புள்ளி எந்த வளைவில் நின்றது என்று விரல் வைத்து எண்ண முடிந்தது. வண்டி நின்றுவிட்டால் ஆள் எங்கே என்று தேடிப் போக அதுதானே வேண்டும்?

பராமரிப்பில் எக்ஸாஸ்டிர் கையைக் கடிக்காது. கணினியைப் புதுப்பிக்கும்போது அதுவும் சேர்ந்து புதுப்பித்துக்கொள்ளும். யாக்குக்கு ஜிப்பை நாமே மாற்ற வேண்டும், வரைபடத் தரவையும் நாமே திரும்ப இறக்கி வெட்டிக் கொடுக்க வேண்டும். மலைச்சாலை என்ன மாதாமாதமா மாறுகிறது? வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை செய்தால் போதும் என்று வைத்திருக்கிறேன். நான் பார்த்ததெல்லாம் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு நிலையங்கள்தான். மாரத்தான் போல ஐம்பது டிராக்கர் ஓடும் நாளில் யாக் எப்படி மூச்சு வாங்கும் என்பதை அப்படி நடத்தியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

கணினி ரொம்பப் பழசு, வீட்டில் நெட் நன்றாக இருக்கிறது, மலைக்கெல்லாம் போவதில்லை என்றால் யோசிக்காமல் எக்ஸாஸ்டிரைப் போடுங்கள். என் லேப்டாப்பிலிருந்தும் அதை இன்னும் எடுக்கவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது 145.825 மெகாஹெர்ட்சில் வரும் பாக்கெட்டுகளை மாடியில் அதில்தான் பார்க்கிறேன். அப்போது கொண்டை ஊசி வளைவு தெரிய வேண்டியதில்லை, அந்த உலக எல்லைக்கோடே போதும்.