டைலோசின் தூள்: மலையகத்துக் கோழிக்கூட்டில் இது எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது

ஹட்டனோ தலவாக்கலையோ பண்டாரவளையோ, மழை பிடித்துவிட்டால் கோழித்தீன் கடைகளில் அதிகம் கேட்கும் வார்த்தை “கோழிக்குச் சளி”. அதற்குக் கைக்கு வரும் மருந்துகளில் டைலோசின் என்ற அன்டிபயோட்டிக் தூளும் ஒன்று. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் லயத்துக் கோடியில் எட்டுப் பத்துக் கோழி வளர்ப்பவர்கள் வாங்குகிற, கலக்குகிற விதத்தில் அதன் பலன் பாதிக்குப் பாதி வீணாகிறது.

முதலில் பக்கெட், அதாவது மருந்துப் பொதி. சின்னப் பொலித்தீன் பைகளில் பிரித்துக் கட்டிய உதிரித் தூளை வாங்கவே வேண்டாம். அதில் காலாவதித் திகதியும் இருக்காது, வீரியமும் எழுதியிருக்காது. வீரியம் தெரியாமல் இந்த மருந்தைக் கலக்க முடியாது. குடிநீரில் வழக்கமான அளவு லீற்றருக்கு அரை கிராம் டைலோசின். பக்கெட்டில் 20% என்று இருந்தால் அது 2.5 கிராம் தூள். 10% என்றால் 5 கிராம். “ஒரு தேக்கரண்டி போடுங்க” என்று கடைக்காரர் சொல்வது எந்த வீரியத்துக்கு என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தேக்கரண்டி கொள்ளளவைத்தான் அளக்கும், எடையை அல்ல. 0.1 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும்.

கலக்கும்போது தூளின்மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும்; தண்ணீரில் தூளைக் கொட்டினால் கட்டி தட்டி மிதக்கும். தோலில் பட்டால் சிலருக்குத் தடிப்பு வரும், அதனால் கையுறை, மூக்குக்கு ஒரு துணி. இந்தத் தூள் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சாதி. நானுஓயா மூடுபனியில் வாய் திறந்த பக்கெட்டைத் தட்டில் வைத்தால் கல்லாகிவிடும். இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு, லேபலையும் கிழித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். டைலோசினின் சரியான எதிரி மைக்கோபிளாஸ்மா கல்லிசெப்டிகம் என்ற கிருமி. மூக்கில் நீர், கண்ணோரம் நுரை, இரவில் கூட்டுக்குப் பக்கத்தில் நின்றால் கொர் கொர் என்ற சத்தம், முட்டை குறைவு. ஆனாலும் கோழி தீனி எடுக்கும், நோய் மெதுவாகத்தான் நகரும். இந்தப் படத்துக்கு டைலோசின் நன்றாகக் கேட்கும். இந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது; அமொக்ஸிசிலின், பென்சிலின் வகைகள் அந்தச் சுவரைத்தான் தாக்கும். ஆகவே பாமசியில் வாங்கிய மனுசக் கெப்சியூலை உடைத்துக் கோழித் தண்ணீரில் போடுவது காசுக்கு நட்டம் மட்டுமே.

கழுத்து முறுக்கி, பச்சையாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் அது ராணிகெட்டாக இருக்கலாம். வைரஸ் நோய், எந்த அன்டிபயோட்டிக்கும் கேட்காது. உடனே அரச மிருக வைத்தியர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கண் மூடுமளவு முகம் வீங்கி மூக்கில் அழுகல் நாற்றம் வந்தால் கொரைசா என்ற பக்டீரியா நோயாக இருக்கலாம், அதற்கு வேறு மருந்து எழுதக்கூடும். தேயிலை மண்ணைக் கிளறி மண்புழு தின்னும் குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்தால் மூச்சுக்குழாய்ப் புழுவையும் சந்தேகிக்க வேண்டும். அங்கே தேவை புழு மருந்து.

பெரிய ஓட்டை தண்ணீரில்தான் இருக்கிறது. டைலோசின் உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 75 முதல் 100 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும். ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழிக்குக் குறைந்தது 112 மில்லிகிராம். குளிர் நாளில், அதுவும் சுகமில்லாத கோழி, 150 மில்லிலீற்றர் குடித்தாலே பெரிது. லீற்றருக்கு அரை கிராம் கணக்கில் அதில் 75 மில்லிகிராம்தான் இருக்கும். அந்தக் கோழியைத் திறந்துவிட்டால் பீலித் தண்ணீரும் கானில் ஓடுகிற தண்ணீரும் குடித்து, கசப்பான மருந்துத் தண்ணீரைத் திரும்பியும் பார்க்காது. “மருந்து கேக்கல” என்கிற முறைப்பாட்டில் பாதி இதுதான்.

ஆகவே மருந்து கொடுக்கிற ஐந்து நாளும் கோழி கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும். வேறு தண்ணீர் எதுவும் கிட்டக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் கொஞ்சம் கூடக் குடிக்கும். தினமும் காலையில் புதிதாகக் கலக்குங்கள். நாலைந்து கோழிதான் என்றால் குடிதண்ணீரில் கலப்பதைவிடச் சிறிஞ்சே மேல்: 20% தூள் 5 கிராமைக் கரைத்து மொத்தம் 50 மில்லிலீற்றர் ஆக்கினால், ஒரு மில்லிலீற்றரில் 20 மில்லிகிராம் இருக்கும். ஒன்றரைக் கிலோ கோழிக்குக் காலை 3, மாலை 3 மில்லிலீற்றர். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நாக்குக்குப் பின்னால் தெரியும் துவாரம் மூச்சுக்குழாய், அங்கே பீய்ச்சினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். இந்த அளவை ஒருமுறை டொக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. சத்தம் அடங்கிவிட்டது என்று இரண்டாம் நாளே நிறுத்தினால் நோய் திரும்பும், அடுத்த முறை மருந்தும் மழுங்கும். மூன்று நாளாகியும் கொஞ்சமும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், நோயை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

குளிருக்குப் பயந்து உரப்பையாலும் தகரத்தாலும் நாலு பக்கமும் அடைத்த கூட்டில் எந்த மருந்தும் தோற்கும். விடியக் கதவைத் திறந்து கோழியின் தலை மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். கண் கரித்தால் அது அமோனியா. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிரை அது கெடுத்துவிடும். பிறகு கிருமிக்குக் கதவு திறந்ததுதான். கீழே காற்று அடிக்காமல் மறைத்து, கூரைக்கு அடியில் ஒரு சாண் திறந்து விடுங்கள். தரையில் விரித்த தும்பு ஈரமானால் அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் போடுங்கள்.

சளிக்குக் கொடுக்கும் மற்ற இரண்டு மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாக. ஒக்சிடெட்ராசைக்ளின் மைக்கோபிளாஸ்மாவோடு வேறு பக்டீரியாக்களையும் பிடிக்கும், ஆனால் கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். கொடுக்கிற நாட்களில் கல்சியத்துக்காக வைக்கும் சிப்பித் தூளை எடுத்துவிட வேண்டும். என்ரோஃப்ளொக்சசின் பலமானதுதான், ஆனால் சாப்பாட்டுக்கு முட்டை எடுக்கும் கோழிக்கு வேண்டாம். அமெரிக்காவில் 2005இல் கோழிகளுக்கு அதன் அனுமதியையே நீக்கிவிட்டார்கள். சளி என்றதும் அதைத்தான் முதலில் நீட்டுகிற கடையை மாற்றிக்கொள்ளலாம்.

முட்டை, இறைச்சி எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பது லேபலில் இருக்கும். அதில் முட்டைக்கோழி பற்றி ஒன்றும் இல்லையென்றால் டொக்டர் சொல்லும்வரை அந்த முட்டை வேண்டாம். டைலோசின் நோயை அடக்கும், கிருமியை முழுதாகத் துடைக்காது. தேறிய கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்கும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் கொடுக்கும். அதன் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள். பக்கத்து லயத்துக்காரர் அடைமுட்டை கேட்டாலும் அந்தக் கோழியுடையதைக் கொடுக்க வேண்டாம்.