ஒரு கால் சிங்கப்பூரில், ஒரு கால் காரைக்குடியில்: பிள்ளைக்கு எந்தப் பாடத்திட்டம்?

நம்ம பக்கத்துக் கல்யாண வீடுகளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் உறவுக்காரர்கள் வளவில் உட்கார்ந்துவிட்டால், சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: "பிள்ளையை எதுல சேர்த்திருக்கீக?" இந்திய மத்திய வாரியமான சிபிஎஸ்இயா, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜா, பல நாடுகளில் இருக்கும் சர்வதேசப் பாடத்திட்டமான ஐபியா? எது உசத்தி என்று மல்லுக்கட்டுவதற்கு முன்னால், பிள்ளை எந்த ஊரில் கல்லூரி படிக்கப்போகிறது என்று கேட்டுவிடலாம். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

தமிழ்நாட்டில்தான் கல்லூரி என்றால் சிபிஎஸ்இ, யோசிக்கவே வேண்டாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. நீட், ஜேஇஇ பாடத்தோடு ஒட்டிப்போகும். பிளஸ் டூ ரிசல்ட்டும் நேரத்துக்கு வந்துவிடும்.

கேம்பிரிட்ஜின் ஐஜிசிஎஸ்இ 1988இல் வந்தது, நம்ம பத்தாம் வகுப்புக்கு ஈடு. அப்பச்சிக்கு வேலை மாறி நாடு மாறினாலும் போகிற இடத்தில் அதே பாடம் கிடைக்கும். இந்த வசதிக்காகவே பலர் எடுக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் உள்ளே சில சங்கதிகள் உண்டு. கணக்கில் கோர் (அடிப்படை), எக்ஸ்டெண்டட் (விரிவானது) என்று இரண்டு நிலை. கோர் எழுதும் பிள்ளை எல்லா விடையும் சரியாகப் போட்டாலும் சி கிரேடைத் தாண்ட முடியாது. "கோரே போதும்" என்று பள்ளியில் சொன்னால் காரணத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்து ஏ லெவல், கேம்பிரிட்ஜில் நம்ம பிளஸ் டூவுக்கு ஈடான இரண்டு வருடப் படிப்பு. மூன்று பாடம் போதும் என்பது கேட்க நன்றாக இருக்கும். உயிரியல், வேதியியல், கணக்கு எடுத்த பிள்ளை இங்கிலாந்தில் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு மனுப்போடலாம். அதே பிள்ளை மனம் மாறி நீட் எழுத வந்தால், இயற்பியல் எங்கே என்று கேட்பார்கள். பொறியியல் கலந்தாய்விலும் கட்-ஆஃப் 200இல் இயற்பியலுக்கு 50 உண்டு. காலக் கணக்கு இன்னொரு தலைவலி: ஜூன் தேர்வின் முடிவு ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் இங்கே கலந்தாய்வு ஓட ஆரம்பித்திருக்கும். இந்தியாவில் இருக்கும் கேம்பிரிட்ஜ் பள்ளிகளுக்கு மார்ச் தேர்வு இருக்கிறது, முடிவு மே மாதம். இங்கே கல்லூரி என்ற எண்ணம் லேசாக இருந்தாலும் அந்த இரண்டு வருடத்தை இந்தியாவில் படிக்க வைப்பது புத்திசாலித்தனம்.

ஐபியில் பிளஸ் டூவுக்கு ஈடானது டிப்ளமோ. அதில் ஆறு பாடம், மொத்தம் 45 புள்ளி, கூடவே 4,000 சொல் வரை ஒரு ஆய்வுக் கட்டுரை. எழுதிப் பழகிய பிள்ளைக்கு அருமையான படிப்பு. ஃபீஸ் கண்ணைக் கட்டும். அதோடு ஜேஇஇ கோச்சிங்கையும் சேர்த்து ஏற்றினால் பிள்ளை தாங்காது.

சிங்கப்பூர் அரசுப் பள்ளி என்றால் முதலில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏஇஐஎஸ் சேர்க்கைத் தேர்வு, ஆங்கிலமும் கணக்கும். தேறினாலும் காலியிடம் இருந்தால்தான் சீட்டு. அங்கே உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வு 2027 முதல் எஸ்இசி என்று மாறுகிறது. தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கடைசிவரை படிக்கலாம், ஆயாவுக்கு அதில் ஏக சந்தோஷம். மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மிலும் தமிழ் உண்டு, தமிழ் இலக்கியமும் தனிப்பாடம். ஆனால் மலாயும் வரலாறும் தேறியே ஆகவேண்டும், நடுவில் போய்ச் சேரும் பிள்ளைக்கு அது மலைதான்.

மாற்றுவதாக இருந்தால் எட்டு முடிந்ததும் மாற்றுங்கள், இல்லையென்றால் பத்து முடிந்ததும். சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்காக ஒன்பதிலும் பதினொன்றிலுமே பெயரைப் பதிந்துவிடும். பத்திலோ பன்னிரண்டிலோ நேராகப் போய்ச் சேர்வது லேசில்லை.